அந்தக் குதிரையப் புடிச்சிக்கிட்டு நிக்கிற ஆளு

2021 ஆகஸ்ட். கொரோனா காலம். ஸ்கூல் மூடி, உயர்தர வகுப்பெல்லாம் சூம்ல நடந்துக்கிட்டிருந்த நேரம். எங்க லயத்துல சிக்னல் வராது. லயத்துக்கு மேல, ரப்பர் மலை முடிஞ்சு தேயிலை மலை தொடங்குற இடத்துல ஒரு பாறை இருக்கு. அதுல ஏறினா ரெண்டு கோடு விழும். தோட்டத்துல படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு குடையோட அங்கதான் உட்கார்ந்திருப்போம். இரத்தினபுரி மாவட்டத்து மழையைத் தெரிஞ்சவங்களுக்குக் குடை ஏன்னு சொல்லத் தேவையில்ல.

ஒரு நாள் கிளாஸ் நடக்கல. இருக்கிற டேட்டாவை வீணாக்க மனசில்லாம டோக்கியோ ஒலிம்பிக் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூரைச் சேர்ந்த ஃபுவாத் மிர்சா குதிரையேற்றத்தில் இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டார் என்று இந்தியப் பக்கங்கள் எல்லாம் கொண்டாடிக்கொண்டிருந்தன. இருபது வருஷத்துக்குப் பிறகு ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் ஓர் இந்தியர். கடைசியில் அவருக்கு 23ஆம் இடம். அந்த வீடியோக்களில் ஒன்றை இறக்கி, வீட்டுக்கு வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அப்பாயிக்குக் காட்டினேன். காட்டில் ஓடுகிற மாதிரி ஓடி, மரக்கட்டைகளைத் தாண்டி, தண்ணிக்குள் குதித்து வெளியே வருகிற குதிரைகள். அப்பாயி வாயைத் திறக்காம பார்த்தாங்க. ஓட்டம் முடிஞ்சதும் ஒரு குதிரையிலிருந்து வீரர் இறங்க, வேறொருவர் ஓடி வந்து கடிவாளத்தைப் பிடிச்சு அதன் மேல தண்ணி ஊத்தினார்.

"அந்தக் குதிரையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறானே, அவன் யாரு?"

"அவருக்கு குரூம்னு பேரு அப்பாயி. குதிரையப் பாத்துக்கிறவரு."

"குதிரைக்காரன்னு சொல்லு. எங்க தாத்தாவுக்கும் அந்த வேலதான்."

எனக்கு அது அன்னைக்குத்தான் தெரியும். அப்பாயிக்கு அப்போ எழுபத்தஞ்சு வயசு. இத்தனை வருஷம் யாரும் கேட்கல, அவங்களும் சொல்லல.

அன்னைக்குத் தொடங்கினது இந்த விளையாட்டு மேல எனக்கு வந்த பைத்தியம். குதிரையைத் தொட்டது ஒரே ஒரு தடவை, நுவரெலியாவுக்கு ஏப்ரல் சீசன் பார்க்கப் போனப்போ, அதுவும் ஏரிக்கரையில காசுக்கு ஏத்துற மட்டக்குதிரை. ஆனா கடந்த நாலு வருஷமா கெம்பஸ் லைப்ரரியிலயும் யூடியூப்லயும் இந்த விளையாட்டைத் தேடித் தேடிப் படிச்சிருக்கேன். ஏன்னு நண்பர்கள் கேட்பாங்க. அதுக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல விளையாட்டைச் சொல்லிடறேன். இதுக்கு ஈவென்டிங்னு பேரு. ஒரே குதிரை, ஒரே ஆள், மூணு சோதனை. முதலாவது டிரெஸ்ஸாஜ்: குதிரை எவ்வளவு அடக்கமாக, அழகாக அடி எடுத்து வைக்கிறது என்று பார்ப்பது. மூன்றாவது ஷோ ஜம்பிங்: மைதானத்துக்குள் வண்ணக் கம்புகளைத் தாண்டுவது. கால் பட்டால் கம்பு விழும், புள்ளி போகும், அவ்வளவுதான். நடுவில் வருவதுதான் கிராஸ் கன்ட்ரி. திறந்த வெளியில், மேடு பள்ளத்தில், முழு ஓட்டத்தில் போய் மரக்கட்டை, வேலி, பள்ளம், குளம் எல்லாத்தையும் தாண்டணும். இந்தத் தடைகள் விழாது. நிலத்தில் ஊன்றியவை. குதிரையின் கால் மாட்டினால், விழுவது தடை இல்லை, குதிரை.

இது படைக்காரர்களின் விளையாட்டு. 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக வந்தபோது பணியில் இருக்கிற இராணுவ அதிகாரிகளுக்கு மட்டும்தான் இடம். குதிரைப்படைக் குதிரை போரில் என்னவெல்லாம் செய்யவேண்டுமோ அதைச் சோதிப்பதுதான் நோக்கம். அதனால் அந்தக் காலத்தில் கிராஸ் கன்ட்ரி நாள் என்றால் தடை தாண்டுவது மட்டும் இல்லை. அதற்கு முன்னாலேயே பாதைகளில் பல கிலோமீட்டர் ஓட்டம், வேகமாக ஒரு ஸ்டீப்பிள்சேஸ், மறுபடி பாதை ஓட்டம், அதற்குப் பிறகுதான் பெரிய தடைகள். களைத்துப்போன குதிரையும் களைத்துப்போன மனிதரும் சேர்ந்து உடையாத மரத்தை நோக்கி ஓடுவது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில்தான் அந்த நீண்ட ஓட்டங்களை எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பழைய காலத்துக் கதைகள்தான் என்னை முதலில் பிடித்தன.

1936, பெர்லின். ஜெர்மனியின் லெப்டினன்ட் கொன்ராட் ஃபொன் வாங்கன்ஹைம். நான்காவது தடை ஒரு குளம். அதில் எத்தனையோ குதிரைகள் விழுந்தன, இவருடைய குதிரை கூர்ஃபுர்ஸ்ட்டும் விழுந்தது. தோள்பட்டைக்குக் கீழே காறை எலும்பு உடைந்துவிட்டது. அவர் நின்றால் அணியே போச்சு, ஏனென்றால் மூன்று பேரும் முடித்தால்தான் அணிக்குக் கணக்கு. மறுபடி ஏறி மிச்சம் இருந்த 32 தடைகளையும் தாண்டினார். மறுநாள் கையைத் தொட்டிலில் கட்டிக்கொண்டு வந்து, கட்டை அவிழ்த்துவிட்டு ஷோ ஜம்பிங்கில் ஏறினார். அங்கேயும் குதிரை விழுந்தது. எழுந்து முடித்தார். ஜெர்மனிக்குத் தங்கம்.

1960, ரோம். ஆஸ்திரேலியாவின் பில் ராய்கிராஃப்ட், வயசு 45. கிராஸ் கன்ட்ரியில் விழுந்து காறை எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறுநாள் கட்டிலை விட்டு எழுந்து வந்து ஷோ ஜம்பிங் முடித்தார். அணிக்குத் தங்கம்.

1964, டோக்கியோ. அமெரிக்காவின் லானா டு பாண்ட், ஒலிம்பிக் ஈவென்டிங்கில் இறங்கிய முதல் பெண். ஆரம்பத்திலேயே ஒரு தடையில் குதிரையோடு உருண்டு விழுந்தார். குதிரைக்குத் தாடை எலும்பு உடைந்தது. ஏறினார். முடிவுக்குப் பக்கத்தில் மறுபடி விழுந்தார். மறுபடி ஏறினார். அணிக்கு வெள்ளி.

1968, மெக்சிகோ. காலையில் ஓடினவர்களுக்கு நல்ல தரை. மத்தியானம் மழை கொட்டி, தாண்ட வேண்டிய ஓடை வெள்ளமாகப் பெருகிவிட்டது. கரை எது தண்ணி எது என்று தெரியாத நிலையிலும் போட்டியை நிறுத்தவில்லை. இரண்டு குதிரைகள் அன்று செத்துப்போயின. அந்த ஒலிம்பிக்கில் பிரித்தானிய அணியில் இருந்த ஜேன் புலனுக்கு வயசு 20, நர்ஸிங் படித்துக்கொண்டிருந்த பெண். அவளும் குதிரையும் ரெண்டு தடவை விழுந்து எழுந்து முடித்தார்கள். ஒலிம்பிக் ஈவென்டிங்கில் தங்கம் வாங்கின முதல் பெண் அவள்தான்.

இந்தப் பேர்களை எல்லாம் ஒரு கொப்பியில எழுதி வச்சிருந்தேன். என் வயசுப் பெண்ணுங்க இதையெல்லாம் செஞ்சிருக்காங்கன்னு பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். எங்க தோட்டத்துக் கோயில்ல மதுரைவீரன் வெள்ளைக் குதிரையில நிக்கிறார். சின்ன வயசுல தேசிங்கு ராஜன் கதையை அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கேன், யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கினவன், சாவு நிச்சயம்னு தெரிஞ்சும் போருக்குப் போனவன். குதிரைமேல இருக்கிறவன் வீரன்ங்கிறது நமக்கும் ஊறின விஷயம்தானே.

ஆனா ஒவ்வொரு தடவை நான் இந்தக் கதைகளைச் சொல்லும்போதும் அப்பாயி ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்பாங்க. "குதிரைக்காரனுக்கு என்ன ஆச்சு?"

அவங்க தாத்தாவுடைய கதை இதுதான். அந்தக் காலத்தில் தொரைமார் மலை பார்க்கக் குதிரையில் போவார்கள். குதிரைக்காரர் குதிரையில் போக மாட்டார், கூடவே ஓடுவார். தொரை எங்கே இறங்கினாலும் கடிவாளத்தைப் பிடிக்க அங்கே ஆள் இருக்கணும். இருட்டினால் கையில் லாந்தரோடு முன்னால் ஓடணும். குதிரைக்குக் கொள்ளு வேகவைத்து, உடம்பு தேய்த்து, காலைக் கழுவி, அதற்குப் பிறகுதான் அவருக்குச் சாப்பாடு. ஒரு மழைநாள், கிளப்பில் இருந்து திரும்பும்போது ஆத்தில் தண்ணி ஏறியிருந்தது. நின்று போகலாம் என்று சொல்லும் உரிமை தாத்தாவுக்குக் கிடையாது. தொரை குதிரையை ஆத்துக்குள் விட்டார். நடுவில் குதிரைக்குக் கால் வழுக்கியது. தொரை எப்படியோ கரை ஏறிவிட்டார். தாத்தா கடிவாளத்தை விடவில்லை. குதிரை மிரண்டு உதைத்ததில் முழங்கால் போனது. குதிரை பிழைத்துக்கொண்டது. தாத்தா அதற்குப் பிறகு சாகும்வரை நொண்டித்தான் நடந்தார். ஓட முடியாத ஆள் எப்படிக் குதிரைக்காரராக இருப்பது? புல்லு வெட்டுகிற வேலைக்குப் போட்டார்கள்.

"தொரை ஆத்துல எறங்குன கதைய ரொம்ப நாளு எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாராம். எங்க தாத்தா பேரு அதுல வராது" என்றாங்க அப்பாயி. கோபமா சொல்லல. சோத்துக்கு உப்பு கம்மின்னு சொல்ற மாதிரி சொன்னாங்க.

இந்தக் கதைக்குப் பிறகு என் கொப்பியை வேற மாதிரி படிக்கத் தொடங்கினேன். யாருக்கு வீரம் காட்ட அனுமதி இருந்தது என்று பார்த்தேன். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் அணிப் போட்டியில் ஸ்வீடனுக்குத் தங்கம். மறு வருஷம் அந்தப் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். ஏன்? அணியில் இருந்த யெனால் பேர்சன் உண்மையில் சார்ஜன்ட். அதிகாரிகள் மட்டுமே போட்டியிடலாம் என்பதால் தற்காலிகமாக லெப்டினன்ட் ஆக்கி அனுப்பியிருந்தார்கள், ஒலிம்பிக் முடிந்ததும் பழைய பதவிக்கு இறக்கிவிட்டார்கள். குதிரை ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை. தோளில் இருந்த பட்டைதான் பிரச்சினை. 1952இல் விதி மாறியது. அதே பேர்சன் வந்து அணித் தங்கத்தை மறுபடி வாங்கினார், 1956இலும் வாங்கினார்.

பெண்களுக்கும் இதே கதை. ஷீலா வில்காக்ஸ் என்கிற பிரித்தானியப் பெண், இந்த விளையாட்டின் ரொம்பக் கடினமான போட்டியான பேட்மிண்டனை 1957, 58, 59 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தார். ஆனால் 1960 ஒலிம்பிக்குக்குப் போக முடியாது. பெண்களுக்கு ஆபத்து அதிகம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். 1964இல்தான் கதவு திறந்தது. தனிநபர் தங்கத்தை ஒரு பெண் வாங்குவதற்கு இன்னும் 57 வருஷம் ஆனது. 2021இல் டோக்கியோவில் ஜெர்மனியின் யூலியா கிராயெவ்ஸ்கி, நான் பாறையில குடை பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்த அதே வாரம்.

அப்போ ஒரு பக்கம், ஆபத்தை எடுக்க ஆசைப்பட்டும் அனுமதி கிடைக்காதவர்கள். இன்னொரு பக்கம், யாரும் கேட்காமலேயே ஆபத்துக்குள் தள்ளப்பட்டவர்கள். குதிரைக்காரர் அதில் ஒருவர். குதிரை இன்னொருவர். அதே டோக்கியோ கிராஸ் கன்ட்ரியில் சுவிட்சர்லாந்தின் ஜெட் செட் என்கிற குதிரைக்குக் காலில் தசைநார் அறுந்து, கடைசியில் கருணைக்கொலை செய்யவேண்டி வந்தது. அந்தக் குதிரையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சரி, வீரக்கதைகளுக்கு மறுபக்கம் வருவோம். நம்மில் நிறையப் பேருக்கு சூப்பர்மேன் படத்து கிறிஸ்டோபர் ரீவைத் தெரியும். 1995 மே மாதம், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கிராஸ் கன்ட்ரி போட்டி. மூன்றாவது தடை. பெரிய தடைகூட இல்லை. குதிரை கடைசி நொடியில் நின்றுவிட்டது, அவர் நிற்கவில்லை. தலைகுப்புற விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, 2004இல் சாகும்வரை கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தார்.

நாலு வருஷம் கழித்து 1999. பிரித்தானியாவில் மே தொடங்கி செப்டம்பருக்குள் ஐந்து வீரர்கள் கிராஸ் கன்ட்ரியில் செத்துப்போனார்கள். அனுபவம் இல்லாதவர்கள் இல்லை, பெரிய போட்டிகளில் ஓடியவர்களும் அதில் இருந்தார்கள். பெரும்பாலும் ஒரே மாதிரி விபத்து. குதிரையின் முன்னங்காலின் மேல்பகுதி உடையாத மரத்தில் மாட்டுகிறது. ஓடி வந்த வேகம் முழுக்கப் பின்பக்கத்தைத் தூக்குகிறது. குதிரை அப்படியே கரணம் அடித்து விழுகிறது. கீழே ஆள். குதிரையின் எடை அரை டன்.

அதுவரைக்கும் இந்த விளையாட்டுக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த பதில் என்ன தெரியுமா? இது துணிச்சல்காரர்களின் விளையாட்டு, பயந்தவர்கள் வரவேண்டாம். ஐந்து சவப்பெட்டிக்குப் பிறகு அந்தப் பதில் செல்லுபடியாகவில்லை. ஒரு குழு போட்டார்கள், 2000இல் அறிக்கை வந்தது. அதன் சாரம் ரொம்ப எளிமையானது: குதிரை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அதாவது, ஆளை இன்னும் தைரியசாலியாக ஆக்குவது தீர்வு இல்லை. தடையை மாற்றுங்கள்.

அப்படி வந்ததுதான் உடையும் ஆணி. மேல் மரத்தைத் தாங்குகிற ஒரு உலோக ஆணி. சும்மா கால் உரசினால் ஒன்றும் ஆகாது. குதிரை மாட்டி அதன் எடை முழுக்க மரத்தின்மேல் இறங்கினால் ஆணி உடையும், மரம் கீழே இறங்கும், குதிரை கரணம் அடிக்காமல் தப்பிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும். போக்குவரத்து விபத்துகளை ஆராய்கிற பொறியியலாளர்கள்தான் இதில் உதவினார்கள். இப்போது ஆணியை உடைத்தால் வீரருக்கு 11 புள்ளி தண்டனை. பதினொரு புள்ளி போகும், உயிர் போகாது. இன்னொரு விதியும் வந்தது: கிராஸ் கன்ட்ரியில் விழுந்தால் மறுபடி ஏறக்கூடாது, போட்டியிலிருந்து வெளியே. ஒவ்வொரு வருஷமும் எத்தனை பேர் ஓடினார்கள், எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை குதிரை கரணம் அடித்தது என்று சர்வதேசச் சம்மேளனம் கணக்கு வெளியிடுகிறது.

யோசிச்சுப் பாருங்க. வாங்கன்ஹைம், லானா டு பாண்ட், ஜேன் புலன் எல்லாருமே இன்றைய விதியில் முதல் விழுதலோடு வெளியே. நான் கொப்பியில் எழுதி வைத்துச் சிலிர்த்துப்போன காரியங்களை இந்த விளையாட்டே தடை செய்துவிட்டது. அவர்களை அவமதிக்க இல்லை. அடுத்தவருக்கு அப்படி ஒரு நிலைமை வரக்கூடாது என்பதற்காக.

ஆபத்து முடிந்துவிடவில்லை. 2016இல் ஆஸ்திரேலியாவில் 17 வயது, 19 வயது என்று ரெண்டு பெண்கள் சில வாரங்களுக்குள் இதே மாதிரி செத்தார்கள். ஆனாலும் இப்போது ஒரு விபத்து நடந்தால் முதல் கேள்வி "அவள் தைரியமா ஓட்டினாளா" இல்லை. "அந்தத் தடையில் ஏன் ஆணி வைக்கவில்லை?"

இந்தக் கேள்வியைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. ஏன்னு சொல்றேன்.

எங்க தோட்டத்துல பதினோராம் நம்பர் மலைன்னு ஒன்னு இருக்கு. நல்ல செங்குத்து. கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு இறங்கி வர வெள்ளைக்காரன் காலத்துக் கல் படி ஒன்னு இருந்துச்சு. 2017 மே மாதம் இரத்தினபுரி முழுக்க வெள்ளம் வந்தப்போ அந்தப் படியில பாதி கானுக்குள்ள போயிருச்சு. கட்டித் தாங்கன்னு கேட்டாங்க. அடுத்த மாசம்னு சொன்னாங்க. அந்த மாசம் இன்னும் வரல. பொம்பளைங்க தலையில கொழுந்து மூட்டையை வச்சிக்கிட்டு, மழையில, அட்டை கடிச்ச காலோட, அந்தச் சறுக்கல்லதான் இறங்குறாங்க.

2019இல் அம்மா அங்க விழுந்தாங்க. மணிக்கட்டு முறிஞ்சிருச்சு. மாவுக்கட்டு பிரிச்ச மறுநாளே காலையில பெரட்டுக்குப் போய் நின்னாங்க. அடுத்து வந்த மகளிர் தினத்துக்கு ஒரு பெரிய அதிகாரி வந்து பேசினார். நம்ம பெண்கள் தைரியத்தின் சிகரம், எவ்வளவு கஷ்டத்திலும் தளராதவர்கள்னு. அம்மாவையும் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சில்வர் டிபன் கெரியர் கொடுத்தாங்க. எல்லாரும் கை தட்டினோம்.

நான் அதோட நிக்கல. அந்த வருஷம் தமிழ் தினப் போட்டிக்கு "என் அம்மா ஒரு வீரத்தாய்"னு கட்டுரை எழுதினேன். முறிந்த கையோடு மலை ஏறிய வீராங்கனைன்னு. கோட்ட மட்டத்துல இரண்டாம் இடம். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கோம். அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினப்போ அவங்க ஒன்னும் சொல்லல. சந்தோஷத்துல பேச்சு வரலன்னு நினைச்சேன்.

அந்தக் கட்டுரையில படியைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. நான் எழுதினது தொரை ஆத்துல இறங்கின கதை மாதிரி ஒன்னு. விழுந்தவங்க எழுந்தாங்கன்னு மட்டும் எழுதினேன். ஏன் விழுந்தாங்கன்னு எழுதல.

ரெண்டையும் ஒன்னாக்கிப் பேசறேன்னு நினைக்காதீங்க. ஈவென்டிங் ஓடுறவங்க விரும்பி ஓடுறாங்க, பிடிக்கலன்னா இறங்கிப் போகலாம். அம்மாவுக்கு அன்னைக்குப் பேர் விழலன்னா சம்பளம் இல்ல. விரும்பி ஓடுற விளையாட்டுக்கே தடையை மாத்தலாம்னா, வேற வழியில்லாம இறங்குற படியை மாத்த எவ்வளவு யோசிக்கணும்?

இது எங்க மலையோட கதை மட்டும் இல்ல. 2016 மே மாதம் கேகாலையில அரநாயக்கவில் மலை சரிஞ்ச அதே நாள் புளத்கொஹுபிட்டியவில் ஒரு தோட்டத்து லயத்து மேலயும் மண் விழுந்துச்சு. உள்ள இருந்தவங்க செத்துப்போனாங்க. அதுக்குப் பிறகு மலையக மக்களின் மன உறுதின்னு எத்தனை பேர் எழுதினாங்க. லயத்தை எந்தச் சரிவுல கட்டணும்னு அங்க இருந்தவங்களை யாரும் கேட்டதில்ல. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போறவங்களைப் பத்தியும் இப்படித்தான் செய்தி வரும்: கொட்டியும் மீண்டும் வேலைக்குத் திரும்பினர். அந்தக் கூடு ஏன் அங்கேயே தொங்கிக்கிட்டு இருந்துச்சுன்னு கேள்வி வராது.

இந்த வருஷ லீவுல வீட்டுக்குப் போனப்போ அம்மாவுக்கு அந்த உடையும் ஆணியை விளக்கினேன். அடுப்புக்கிட்ட உட்கார்ந்து ரெண்டு தீக்குச்சியை நட்டு, மேல ஒரு குச்சி வச்சு, விரலால தட்டிக் காட்டினேன். அம்மா பார்த்துட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டாங்க.

"கெட்டிக்காரனுங்கதான்" என்றாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தப் படிய கட்டிக் குடுத்துருந்தா நான் ஏன் புள்ள தைரியமா இருக்கணும்?"

ஆறு வருஷம் கழிச்சு என் கட்டுரைக்கு அம்மா சொன்ன விமர்சனம் அது.

எனக்கு ஒரு காரியம்தான் தோணுச்சு. தம்பியும், பக்கத்து லயத்துல இருந்து ரெண்டு பிள்ளைகளும் நானும் சேர்ந்து ஒரு கணக்கு எடுத்தோம். சம்மேளனம் செய்யிற மாதிரியே. பதினோராம் நம்பர் படியில யார் விழுந்தாங்க, எப்போ, மழையா வெயிலா, எத்தனை நாள் வேலைக்குப் போகல. வீடு வீடாப் போனோம். முதல்ல எல்லாரும் சிரிச்சாங்க. "விழுறதெல்லாம் ஒரு கணக்கா?" பிறகு ஒவ்வொருத்தரா ஞாபகப்படுத்திச் சொன்னாங்க. 2017க்குப் பிறகு பத்தொன்பது விழுதல், அதுல நாலு எலும்பு முறிவு. அம்மா பேர் அதுல ஏழாவது. அதை ஒரு கடிதத்தோட தோட்டத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்திருக்கோம். இதை எழுதும்வரை பதில் வரல. யாரோ ஒருத்தர் ஒரு பழைய இரும்புப் பைப்பைச் சறுக்கலுக்குப் பக்கத்துல நட்டிருக்காங்க. பிடிச்சிக்கிட்டு இறங்கலாம், ஒரு பக்கம் மட்டும்.

வாங்கன்ஹைமையும் லானாவையும் எனக்கு இன்னும் பிடிக்கும். அந்தப் பழைய கறுப்பு வெள்ளை வீடியோக்களை இன்னும் பார்ப்பேன். ஆனா இப்போ என் கண் முதல்ல போறது குதிரைமேல இருக்கிறவரிடம் இல்ல. அந்தத் தடையை யார் அங்க வச்சாங்கன்னு பார்க்கிறேன். பிறகு, முடிவுக்கோட்டுக்கிட்ட கயிறோட காத்துக்கிட்டு நிக்கிற ஆளைத் தேடுறேன்.

கணக்கு எடுத்த கொப்பியை அப்பாயிக்கு வாசிச்சுக் காட்டினப்போ, முழுசும் கேட்டுட்டு, "எங்க தாத்தாவையும் அதுல போடு" என்றாங்க. அவர் விழுந்தது வேற இடம், வேற காலம், இந்தப் படிக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்லிப் பார்த்தேன். அப்பாயி கேட்கல. அதனால முதல் பக்கத்துல மேல கொஞ்சம் இடம் விட்டு அவர் பேரை எழுதியிருக்கேன். வேலை: குதிரைக்காரர். இடம்: ஆறு. தேதிக்கு நேரா, மழைநாள்.